தொடு டீச்சர்

செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு அவர் ‘தொடு டீச்சர்’. எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு வரும் வெள்ளைக்காரர்களிடம், “தொடு டீச்சர் வீடுதானே? ஏறுங்க” என்பார்கள். வீடு எங்களுடையது. டீச்சர் மாடியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார், அவ்வளவுதான். ஆனால் இரண்டே மாதத்தில் வீடு அவர் பெயருக்கு மாறிவிட்டது. என் மாமியாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அவர் முதன்முதலாக வந்து நின்ற காலை நினைவிருக்கிறது. ஒட்ட வாரிய நரைத்த தலை, பருத்திப் புடவை, கையில் ஹெல்மெட். வயது அறுபதை ஒட்டி இருக்கும்.

“இன்னா சொல்லித் தருவீங்க? யோகாவா?” என்று அத்தை கேட்டாள். எங்கள் தெருவில் மாடி அறைகளில் பெரும்பாலும் யோகாதான் நடக்கும்.

“தமிழ் பேசச் சொல்லித் தருவேன். ஆசிரமத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு.”

“தமிழ் டீச்சரா நீங்க?”

“இல்லீங்க. கணக்கு. முப்பது வருஷம் கணக்குதான் எடுத்தேன். ரிட்டையர் ஆகிட்டேன். கல்யாணம் பண்ணிக்கல, தனி ஆள்தான். இது ஆசைக்கு.”

கணக்கு டீச்சர் தமிழ் சொல்லித் தருவதில் என்ன நியாயம் என்று அத்தை உள்ளே வந்து என்னிடம் கேட்டாள். கேட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பால் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, மோட்டார் போட்டாயா என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. சண்டையும் இல்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவே.

முதல் வகுப்பு அன்று டீ கொண்டுபோனேன். ஏழு பேர். ஒருவர் சுவரில் கை வைத்திருந்தார், ஒரு பெண் ஜன்னல் கம்பியில், இன்னொருவர் தன் மூக்கில். எல்லோரும் ஒரே குரலில், “தொட்டேன்! தொட்டேன்!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு பெண் ஓடிவந்து டீத் தட்டில் விரல் வைத்து, “தட்டைத் தொட்டேன்!” என்றாள். டீச்சர் கைதட்டினார்.

மறுநாளும் அதே சொல். அதற்கு அடுத்த நாளும். நாலாம் நாள் கேட்டேவிட்டேன். “ஏன் டீச்சர், வேற வார்த்தை ஆரம்பிக்கலையா?”

“அம்பது வார்த்தையை அரைகுறையா கத்துக்கிறதுக்கு ஒரு வார்த்தையை முழுசா கத்துக்கட்டுமே. இந்த ‘தொடு’ எங்கெங்க போகுதுன்னு பாரு. தொடங்குறது, தொடர்றது, பூ தொடுக்கிறது, வழக்கு தொடுக்கிறது, தொடுவானம், தொடுதிரை. எல்லாம் ஒரே குடும்பம். ஒருத்தனைப் பிடிச்சா மொத்தக் குடும்பமும் விருந்துக்குக் கூப்பிடும்.”

அவரிடம் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தது. ‘தொடு’ என்ற சொல்லுக்குக் கிடைத்த ஒவ்வொரு அர்த்தத்துக்கும் அதில் எண் போட்டு, எங்கே, யார் வாயிலிருந்து கேட்டது என்றும் எழுதி வைப்பார். ஒரு சொல் காதில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவரால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. இதுதான் அவர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒருமுறை பல் வலி என்று அவரை நான்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். “வலிச்சா கையைத் தூக்குங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் வேலையை ஆரம்பித்தார். இரண்டாவது நிமிஷம் டீச்சர் கையைத் தூக்கினார். டாக்டர் பதறிப்போய்க் கருவியை வெளியே எடுத்தார். டீச்சர் வாயைத் துடைத்துக்கொண்டு, “சொத்தைப் பல்லுனு சொன்னீங்களே, சொத்தைக் கத்திரிக்காய்னு சொல்றோமே, அந்தச் சொத்தையும் இதுவும் ஒண்ணுதானா டாக்டர்?” என்று கேட்டார்.

ராஜகோபுரத்துக்கு எதிரே பூ விற்கும் ஒரு அம்மாவிடம், “பூ கட்டுறதுக்கும் தொடுக்கிறதுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்று கேட்டு வெயிலில் அரை மணி நேரம் நின்றவர் அவர். அந்த அம்மா முதலில் திட்டினாள். பிறகு இரண்டையும் செய்து காட்டினாள். “கட்டுனா இடைவெளி விட்டு நாரு தெரியும். தொடுத்தா பூ ஒண்ணை ஒண்ணு தொட்டுனு இருக்கும். பாரு, நாரு தெரியுதா?” டீச்சர் அன்று வகுப்புக்கு நான்கு முழம் மல்லியோடு வந்தார். ஆண்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அதைத் தலையில் வைப்பதா சட்டையில் குத்துவதா என்று அவர்களுக்குள் பெரிய விவாதம்.

ஏழு பேரில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளைத் தாடி, தன் ஊரில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. கற்றுக்கொள்வதில் வகுப்பிலேயே அவர்தான் கடைசி, ஆர்வத்தில் அவர்தான் முதல். இரண்டாம் வாரம் டீச்சர் எல்லோரையும் பக்கத்து மெஸ்ஸுக்குச் சாப்பிட அழைத்துப்போனார். பரிமாறுகிறவர் இட்லியை வைத்துவிட்டு, “தொட்டுக்க இன்னா வேணும் சார்?” என்று கேட்டார். தெரிந்த சொல் காதில் விழுந்த சந்தோஷத்தில் ஜெர்மன்காரர் எழுந்து, ஒரு விரலால் அவர் தோளைத் தொட்டு, “தொட்டேன்!” என்றார். அந்த மனிதர் சாம்பார் வாளியோடு இரண்டடி பின்னால் துள்ளினார். டீச்சர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்தார். அப்புறம் ஒரு இட்லித் துண்டைச் சட்னியில் தொட்டுக் காட்டி, “இப்படித் தொடறதுக்கு வேணும்ல, அதனால சட்னிக்கே ‘தொட்டுக்க’ன்னு பேராயிடுச்சு” என்றார். ஜெர்மன்காரர் இட்லியை மறந்து ஒவ்வொரு கிண்ணத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அத்தை முற்றத்தில் உட்கார்ந்து, கீழ்பென்னாத்தூரில் அவள் அண்ணன் நிலத்திலிருந்து வந்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. தோலை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, “தொட்டுக்கோ தொடைச்சுக்கோன்னு சொல்றோமே, அது எழுதிக்கிச்சா அந்தம்மா?” என்றாள்.

மாடிக்குப் போய்க் கேட்டேன். டீச்சர் தடதடவென்று இறங்கி வந்தார். “என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க.”

“எண்ணெய் கம்மியா இருந்தா சொல்லுவோம். தொட்டுக்கோ தொடைச்சுக்கோன்னு இருக்குதுன்னு. பத்தியும் பத்தாம.”

டீச்சர் அங்கேயே மல்லாட்டைத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். பதினைந்தாவது எண். பக்கத்தில் ‘ஹவுஸ் ஓனரம்மா, கீழ்பென்னாத்தூர்’ என்று போட்டார். அத்தை எட்டிப் பார்த்தாள். தன்னைக் குறித்த ஒரு வரி பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஏறியதை அவள் கடைசியாக எப்போது பார்த்தாளோ தெரியாது. அவள் படித்தது ஐந்தாவது வரை.

அன்றிலிருந்து அத்தைக்கு அதே வேலை. பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று, “ஏம்மா, தொட்டதுக்கெல்லாம் கோவம் வருதுன்னு சொல்றோமே!” என்பாள். நான் மாடியைப் பார்த்துக் கத்துவேன். பதினாறு. ‘விட்ட குறை தொட்ட குறை’ பதினேழு. “அவன் கறியே தொடமாட்டான்” பதினெட்டு. சாப்பிடுவதும் தொடுவதுதான் என்று டீச்சர் அதைக் கொண்டாடினார். தொட்டில் என்ற சொல்லுக்கு மட்டும் இருவருக்கும் சண்டை வந்தது. குழந்தையைத் தொட்டு ஆட்டுவதால் தொட்டில் என்று அத்தை சாதித்தாள். அது ‘தொட்டி’யின் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம் என்று டீச்சர் மறுத்தார். கடைசியில் எண் போடாமல் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். அத்தை இரண்டு நாள் மாடிக்கு டீ அனுப்பவில்லை.

எனக்கும் அத்தைக்கும் பேச்சு வந்தது அப்படித்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், “உங்க போளூர் பக்கம் இதுக்கு இன்னா சொல்லுவீங்க?” என்று அவள் கேட்க, நான் சொல்ல, அங்கிருந்து என் அம்மா, என் தங்கை, நான் பாதியில் விட்ட படிப்பு என்று எங்கெங்கோ போய்விடும்.

குளிர்காலம் முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். ஜெர்மன்காரர் வாசலில் ஆட்டோவில் ஏறிக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்: “டீச்சர்! நான் உங்களைத் தொட்டுக்கொண்டே இருப்பேன்!”

எதிர்வீட்டு அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் மட்டும் நிதானமாக, “கடிதம் போடுறேன், போன் பண்றேன்னு சொல்ல வர்றாரு. இங்கிலீஷ்ல அதையும் தொடறதுன்னுதான் சொல்வாங்க” என்று விளக்கினார். விளக்கம் எதிர்வீடு வரை போய்ச் சேரவில்லை.

அடுத்த கார்த்திகைக்கு ஜெர்மன்காரர் மறுபடி வந்தார். வகுப்பில் புதிதாக நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒரு இளம்பெண் கையில் பெரிய அகராதியோடு வருவாள். ஒருநாள் நான் தட்டோடு மாடி ஏறும்போது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். “டீச்சர், ‘தீண்டு’ என்றாலும் தொடுதான். உங்கள் நோட்டில் அதற்கு ஏன் எண் இல்லை?”

எனக்குப் பின்னால் படியில் அத்தை நின்றாள். புதிதாக ஒரு அர்த்தம் கிடைத்ததைச் சொல்ல வந்திருந்தாள்.

டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வார்த்தை மேல தப்பில்லம்மா. காத்து தீண்டுச்சு, பாம்பு தீண்டுச்சுன்னு நல்லாதான் இருந்துது. அப்புறம் அதைத் திருப்பி எங்க ஜனங்க மேல ஒட்டிட்டாங்க. எங்க ஊர் டீக்கடையில எங்கப்பாவுக்குத் தனி கிளாஸ். குடிச்சுட்டு அவரேதான் கழுவி வைக்கணும். நான் கூடவே நின்னு பார்த்திருக்கேன். அந்த வார்த்தை அகராதியில இருக்கட்டும். என் நோட்டுல வேணாம்.”

பிறகு அவரே சிரித்து, “சரி, எங்க விட்டோம்? தொடர்வண்டி!” என்று எழுந்தார். திரும்பிப் பார்த்தேன். அத்தை இறங்கிப் போய்விட்டிருந்தாள்.

அதுவரை மாடிக்குக் காகிதக் கப்பில்தான் டீ போகும். வெள்ளைக்காரர்களுக்கும் அதுவே என்பதால் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் டீச்சர் தனியாகக் கீழே வந்து எங்களோடு உட்கார்ந்து பேசும்போதும் காகிதக் கப்தான். அது ஏன் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

மறுநாள் டீ போட்டதும் அத்தை பரணிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை இறக்கினாள். பத்து டம்ளர். மாமா உயிரோடு இருந்தபோது வாங்கியது, அவர் பெயர் பொறித்தது.

“கப்பு தீர்ந்து பூட்ச்சு” என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். அலமாரியில் பிரிக்காத பாக்கெட் இரண்டு இருந்தன. நான் அலமாரியைச் சாத்தினேன். அன்று டீயை அவளே மாடிக்குக் கொண்டுபோனாள். காலி டம்ளர்களையும் அவளே எடுத்துவந்து கழுவினாள்.

ஜெர்மன்காரருக்கு முட்டி வலி. பதினாலு கிலோமீட்டர் மலை சுற்ற முடியாது. ஆனால் கிரிவலப் பாதையில் இருக்கும் கடைப் பலகைகள் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட வேண்டும் என்று ஆசை. அதனால் டீச்சர் அவரைத் தன் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அவ்வளவு பெரிய மனிதர் கால் இரண்டும் தரையில் உரசாமல் இருக்கத் தூக்கிப் பிடித்தபடி, “அண்…ணா…மலை…யார்… டயர்… பஞ்சர்…” என்று உரக்கப் படித்துக்கொண்டு போவதை அடி அண்ணாமலை வரை எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு அக்கா வந்து நின்றாள். அத்தையைப் பார்த்து, ஆனால் டீச்சருக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“குடும்பம் நடத்துற வீடு இது. மாடியை வாடகைக்கு வுட்டா யாரு இன்னான்னு பார்த்து வுடணும். ஊரே சொல்லுது, அந்தாளுக்கும் இந்தம்மாவுக்கும் தொடுப்புன்னு. நீ காலி பண்ணச் சொல்றியா, இல்ல உன் புள்ளைகிட்ட நான் பேசட்டுமா?”

கீரைக்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தையின் முகம் இறுகியது. தெருவில் பெயர் கெடுவது அவளுக்குச் சாவுக்குச் சமம். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்தேன்.

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. பிறகு கண்கள் மெல்ல விரிந்தன.

“தொடுப்பு!” என்றார். “ஐயோ, இதை எப்படி விட்டேன்! இத்தனை நாளா பக்கத்திலேயே இருந்துருக்கு!” பையைத் திறந்து நோட்டை எடுத்தார். “இருங்க, இருங்க. தொடுப்பு. தொடுத்து வைக்கிறதுனால தொடுப்பு. மாலைக்கும் அதே வினை, இதுக்கும் அதே வினை. இருபத்து மூணு. உங்க சொந்த ஊர் எதுங்க? உங்க பேர் போட்டுக்கிறேன்.”

எதிர்வீட்டு அக்கா வாய் திறந்தபடி நின்றாள். “எம் பேரா? எம் பேரை எதுக்கு எழுதுற?”

“நீங்கதானே குடுத்தீங்க?”

முதலில் சிரித்தது கீரைக்காரப் பெண். அடுத்தது அத்தை. அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம் புள்ளைகிட்ட தாராளமா பேசு. வீடு எம் பேர்ல கீது. டீச்சர் எங்கியும் போவமாட்டாங்க” என்றாள்.

மாடிக்குப் போகும் வழியில் டீச்சர் சமையலறைக்குள் வந்து தண்ணீர் கேட்டார். டம்ளரைக் காலி செய்துவிட்டு, “சொன்னப்ப வலிச்சுதும்மா. இல்லைன்னு சொல்லமாட்டேன்” என்றார். “ஆனா வார்த்தை நல்ல வார்த்தை.”

ஜெர்மன்காரருக்கு விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. மாசி மாதம், வகுப்பின் கடைசி நாள் தேர்வு. ‘தொடு’ குடும்பத்துச் சொற்களை வைத்து ஆளுக்குப் பத்து வாக்கியம் சொல்ல வேண்டும். அத்தையும் நானும் வேடிக்கை பார்க்க மாடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து ஒன்பது வாக்கியம் சொன்னார், இரண்டு தவறோடு. பத்தாவதுக்கு முன்னால் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“டீச்சர். நான் உங்களோட தொடங்கணும்.”

“எதைத் தொடங்கணும்? வாக்கியம் பாதியில நிக்குது” என்றார் டீச்சர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“வாழ்க்கை.”

அகராதிப் பெண் ஜெர்மன்காரரைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“‘வாழ்க்கையை’ன்னு வரணும்” என்றார். “ஐ விட்டுட்டீங்க. அரை மார்க் கட்.”

“பதில்?” என்றார் அவர்.

“நாளைக்குச் சொல்றேன். எனக்கும் வீட்டுப் பாடம் வேணும்ல?”

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே டீச்சர் வந்துவிட்டார். மாடிக்குப் போகாமல் நேராக அத்தையிடம் வந்தார். “பதிவு ஆபீஸ்ல மூணு சாட்சி வேணுமாம். எனக்குன்னு அங்க வர்றதுக்கு ஆள் இல்ல. நீங்க வருவீங்களா?” அத்தை உள்ளே போய் என் கணவரை எழுப்பினாள். “டேய், லீவு சொல்லு. உன் கையெழுத்தும் இவ கையெழுத்தும் வேணும்.”

விண்ணப்பம் போட்டு, நோட்டீஸ் ஒட்டி, ஒரு மாதம் காத்திருந்து போனோம். அத்தை தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். ஜெர்மன்காரர் வேட்டியைப் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார். எழுத்தர் காகிதங்களைப் புரட்டினார். டீச்சரின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் படித்தார். அதில் பெயர், பிறந்த நாள், சாதி எல்லாம் இருக்கும். பிறகு சாட்சிகளின் பக்கம் வந்தார். அத்தையின் கழுத்துச் சங்கிலியையும் அடையாள அட்டையையும் பார்த்தார்.

“நீங்க பொண்ணுக்கு இன்னா வேணும்?”

வீட்டுக்காரம்மா என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

“கூடப் பொறந்தவ” என்றாள் அத்தை. “இவங்க எங்கக்கா.”

எழுத்தர் சான்றிதழை ஒருமுறை பார்த்தார். அத்தையை ஒருமுறை பார்த்தார். “கூடப் பொறந்தவங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ரெக்கார்டுல ஏறிடும்.”

“யோசிச்சுட்டேன். எழுதுங்க.”

எழுதினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

வெளியே வெயில் அடித்தது. என் கணவர் ஆட்டோ பிடிக்கப் போனார். டீச்சர் மாலையும் கழுத்துமாக நின்று, கர்ச்சீப்பால் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “கணக்கு டீச்சர் முன்னாடியே தப்பான தகவல் குடுத்துட்டீங்களே” என்றார்.

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

“தப்புன்னா உள்ள போய் கோடு போட்டு அடிச்சுட்டு வாங்க. நான் இங்கியேதான் குந்தினு இருப்பேன்.”

டீச்சர் போகவில்லை.